பார்ப்பவரை யார் பார்ப்பது?

மாலை ஆறு மணி ஆனால் போதும். அந்த வீட்டுப் பெரியம்மாளுக்கு இருப்புக் கொள்ளாது. இரண்டு புடவைகளைச் சுருட்டி மஞ்சள் பைக்குள் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "எங்க வீட்டுக்குப் போகணும், கதவைத் திற" என்பார். நாற்பது வருஷமாக அவர் குடியிருப்பது அதே வீட்டில்தான்!

"இதுதான் அத்தை நம்ம வீடு" என்பாள் மருமகள். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் அதே பேச்சு. ராத்திரியில் எழுந்து தாழ்ப்பாளைத் தேடுவதும் உண்டு. மகன் விடியற்காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். பேரன் பத்தாவது வகுப்பு. சமையல், துணி, மருந்து, காவல் எல்லாவற்றுக்கும் மருமகள் ஒருத்திதான்.

ஒரு நாள் அவள் கை ஓங்கிவிட்டது. மாமியாரின் கன்னத்தில் ஓர் அடி!

பெரியம்மாள் சற்று நேரத்தில் அதை மறந்துவிட்டார். மருமகளால் மறக்க முடியவில்லை. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. "நானா இப்படிச் செய்தேன்?" என்று குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

அவளைக் குற்றவாளி என்று சொல்ல எத்தனையோ பேர் வருவார்கள். ஆனால் அவள் கடைசியாக என்றைக்கு முழு இரவு தூங்கினாள் என்று கேட்டவர் யார்?

யாரிடம் சொல்வது?

மறதி நோய்க்காரரைப் பார்த்துக்கொள்பவர், மூளை வளர்ச்சி குன்றிய குழந்தையின் தாய், மனநோய் கண்ட மகனை வீட்டில் வைத்திருக்கும் தகப்பனார் ஆகிய எல்லாருடைய கதையும் ஏறக்குறைய இதுதான். நோயாளிக்கு டாக்டர் உண்டு, மாத்திரை உண்டு. நோயாளியைப் பார்ப்பவருக்கு என்ன உண்டு?

புருஷனிடம் சொன்னால், "என் அம்மாவைக் குறை சொல்கிறாயா?" என்று கோபம் வரும். நாத்தனாரிடம் சொன்னால் ஊரெல்லாம் பரவும். டாக்டரிடம் போகலாம் என்றால், அந்த நேரத்துக்குப் பெரியம்மாளுடன் யார் இருப்பது? வீட்டை விட்டு அசைய முடியாது என்பதுதானே அவளுடைய கஷ்டமே!

இந்த முடிச்சைத்தான் இன்று கைபேசி ஓரளவு அவிழ்த்திருக்கிறது. மனநல ஆலோசகர் வீடு தேடி வருகிறார், திரையின் வழியாக.

மொட்டை மாடியில் முக்கால் மணி

நம் மருமகள் வாரம் ஒரு நாள், மகன் பள்ளியிலிருந்து வந்து பாட்டியுடன் உட்கார்ந்ததும், கைபேசியுடன் மொட்டை மாடிக்குப் போனாள். வீட்டுக்குள் பேசினால் சுவருக்கும் காது உண்டல்லவா?

முதல் நாள் பேச்சே வரவில்லை, அழுகைதான் வந்தது. ஆலோசகர் அவசரப்படுத்தவில்லை. அடித்ததைச் சொன்னபோது, திட்டவும் இல்லை. "பரவாயில்லை" என்று தட்டிக் கொடுக்கவும் இல்லை. "அதற்கு முன்னால் என்ன நடந்தது? பிறகு என்ன நடந்தது? ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்" என்றார்.

எழுதிப் பார்த்ததில் ஒரு விஷயம் வெளிப்பட்டது. தகராறு எல்லாம் மாலை வேளையில்தான். மறதி நோயாளிகள் பலருக்கு அந்தி மயங்கும் நேரத்தில் தடுமாற்றம் அதிகமாகும். "இதுதான் உங்கள் வீடு" என்று வாதாடினால் வீம்புதான் வளரும். ஏனென்றால், சொன்ன பதில் அவர் மனத்தில் தங்குவதே இல்லை. அவர் தேடுவது பெரும்பாலும் சுவரும் கூரையும் அல்ல. பயமில்லாத ஓர் இடத்தை.

ஆகவே இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்குகளையும் போட்டார்கள். "போகலாம் அத்தை, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்று பேச்சைத் திருப்பினாள். கோபம் தலைக்கேறும்போது, பெரியம்மாளைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய் மெதுவாக மூச்சு விடப் பழகினாள்.

நான்காவது வாரம் கணவரையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. சனி, ஞாயிறு இரவுகளில் அம்மாவுக்குக் காவல் இனி மகனே. மாதத்தில் ஐந்து நாள் நாத்தனார் வந்து தங்குவது என்றும் ஏற்பாடாயிற்று.

பெரியம்மாளின் நோய் தீரவில்லை; இந்த நோய் தீரக் கூடியதும் அல்ல. ஆனால் அந்த வீட்டில் மறுபடி யாரும் கை ஓங்கவில்லை.

சென்னையிலிருந்து புதுக்கோட்டைக்கு

தூரத்திலிருந்து மனநல வைத்தியம் செய்வது நம் ஊருக்குப் புதிதல்ல. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ப்' என்ற ஸ்தாபனம், 2010-ம் ஆண்டு வாக்கில் புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் திரை, திரையில் சென்னை டாக்டர். மருந்தும் அந்தப் பஸ்ஸிலேயே கிடைத்தது. 2020-ம் ஆண்டு கொரோனாக் காலத்தில் தொலைவழி வைத்தியத்துக்கு மத்திய அரசு விதிமுறைகளை வெளியிட்டது. அதன் பிறகு இந்த முறை எங்கும் பரவிவிட்டது.

பார்த்துக்கொள்பவருக்குக் கை கொடுத்தால் பலன் உண்டா? கோவாவில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. அங்கே பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் மறதி நோயாளிகளின் வீடுகளுக்குப் போய், குடும்பத்தாருக்கு யோசனையும் ஆறுதலும் சொன்னார்கள். பார்த்துக்கொள்பவர்களின் மனநிலை தேறியது என்று 2008-ல் வெளியான முடிவு கூறியது.

காசு இல்லாதவர்களுக்கு?

தனியார் ஆலோசனைக்குக் கட்டணம் உண்டு. அது முடியாதவர்கள் 14416 என்ற எண்ணைச் சுழற்றலாம். 2022 அக்டோபர் 10-ந் தேதி மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை அது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. முதலில் ஆலோசகர் பேசுவார். தேவையானால் நிபுணரிடம் இணைப்பார். நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை, பார்த்துக்கொள்பவரும் பேசலாம்.

இவற்றைக் கவனியுங்கள்

திரையில் தோன்றுகிறவர் எல்லாரும் நிபுணர் அல்ல. என்ன படித்தவர், எங்கே பதிவு பெற்றவர் என்று கேட்பதில் தவறே இல்லை. முறையாகப் படித்தவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஒரே மாதத்தில் குணம்" என்று சொல்பவரிடம் மறுமுறை பேச வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் கைபேசி போதாது. பெரியவருக்குத் திடீரென்று குழப்பம் அதிகமானால் காய்ச்சலோ வேறு வியாதியோ காரணமாக இருக்கலாம். நேரில் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, வீட்டில் யாருக்காவது உயிராபத்து என்றாலோ, அடுத்த வாரச் சந்திப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று. கைபேசி கேட்கும், யோசனை சொல்லும். ராத்திரியில் எழுந்து தாழ்ப்பாளைப் பிடிக்காது. அதற்கு வீட்டு மனிதர்கள்தான் வேண்டும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருத்தி இருக்கலாம். "மாமியாருக்கு எப்படி இருக்கிறது?" என்று எல்லாரும் அவளைக் கேட்டிருப்பார்கள். "நீ எப்படி இருக்கிறாய்? இரண்டு மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்த் தூங்கு" என்று நீங்கள் சொல்லிப் பாருங்களேன்!