எல்லைப்புறப் பிள்ளைகளுக்கு ஏற்ற தமிழ்ப் புத்தகங்கள்

நெய்யாறு அணைக்கட்டை ஒட்டிய கள்ளிக்காடு முதல் பாறசாலை வரையுள்ள எல்லைக் கிராமங்களில், வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளம் படிக்கும் பிள்ளைகள் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இங்கே பேச்சுத் தமிழ் பிழைத்திருக்கிறது. எழுத்துத் தமிழ்தான் நழுவுகிறது.

12, 13 வயதில் நல்ல கதைப் புத்தகம் கிடைத்தால் அதைத் தடுக்கலாம். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையிடம் ஐந்து பாகப் 'பொன்னியின் செல்வ'னை எடுத்த எடுப்பில் நீட்டினால் மிரண்டுவிடும்.

முதலில், அன்றைய திருவிதாங்கூரின் தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்களை வாய்விட்டுப் படிக்கச் செய்யலாம். அடுத்து, வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்தும்மாவின் ஆடு'. ஆசிரியரின் புத்தகங்களையே தின்றுவிடும் ஆட்டின் கதை இது, தமிழிலும் வந்துள்ளது. மலையாளத்தில் பழகிய உலகம் என்பதால், தெரியாத சொல் வந்தாலும் கதை இழுத்துச் செல்லும். பிறகு, படிப்புக்காக ஊர் ஊராக அலைந்த சிறுவனைக் காட்டும் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. அதில் இளமைப் பகுதி மட்டும் போதும். அதன்பின் கல்கி தாமாகவே வசப்படுவார்.

1829-இல் தோன்றிய திருவனந்தபுரம் பொது நூலகத்தில் தமிழ் நூல்கள் உண்டு. கிராம வாசகசாலையிலோ, கேட்பார் இல்லையேல் வாங்குவாரும் இல்லை. நாலு வீட்டார் சேர்ந்து கேட்பது பெற்றோரின் கடமை.