கௌதள்ளிக் குழந்தைக்குக் கௌதள்ளிப் பால்! தெரியுமா?

ஹனூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற சாலையில் இருக்கிறது கௌதள்ளி. இன்று அங்கே பிள்ளை பெற்ற ஒரு தாயின் பாலில், அந்த ஊர்க் கிருமிகளையே குறிவைக்கும் புரதங்கள் இருக்கும். தெரியுமா? சென்னையில் பெற்றவளின் பாலில் சென்னைக் கிருமிகளுக்கானவை!

எப்படி? அவள் குடித்த தண்ணீரோடும் உண்ட சோற்றோடும் குடலுக்குள் போன கிருமியை அங்குள்ள எதிர்ப்பு செல்கள் அடையாளம் காண்கின்றன. அவற்றில் சில, ரத்தத்தின் வழியாக மார்புக்கே வந்து குடியேறுகின்றன! அந்தக் கிருமிக்கென்றே ‘ஐஜிஏ’ என்ற புரதத்தைச் செய்து பாலில் சேர்க்கின்றன. பிறந்த குழந்தையின் குடலுக்கு இதைத் தானே செய்துகொள்ளச் சில வாரங்களாவது ஆகும். அதுவரை அம்மா செய்து தருகிறாள். பிள்ளை நாளைக்குத் தவழப்போவதும் அதே மண்ணில்தானே!

வயிற்றில் செரித்துப் போகாதா? எளிதில் போகாது. அந்தப் புரதத்தோடு ஒரு காப்புத் துண்டும் பின்னிக்கொண்டே வருகிறது. கிருமியைப் பற்றிக்கொண்டு, குடல் சுவரில் ஒட்டவிடாமல் தடுக்கிறது. பாலில் வரும் ஐஜிஏ தனி வகை என்று ஸ்வீடனின் லார்ஸ் ஹான்சன் 1961-லேயே காட்டிவிட்டார்.

2010-ல் இந்தியா, வியட்நாம், தென்கொரியா, அமெரிக்கா ஆகிய நான்கு நாட்டுத் தாய்மாரின் பாலை ஒப்பிட்டார்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸை எதிர்க்கும் ஐஜிஏ யார் பாலில் அதிகம்? நம் இந்தியத் தாய்களின் பாலில்!

இந்தப் புரதங்கள் கொட்டிக் கிடப்பது, பிள்ளை பெற்றதும் முதலில் சுரக்கும் சீம்பாலில். இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமிகளைப் பட்டினி போடும் லாக்டோஃபெரின், சீம்பாலில் லிட்டருக்குச் சுமார் 5 கிராம்! அதையா ‘கெட்ட பால்’ என்று பீய்ச்சிக் கொட்டினோம்? அதற்குப் பதிலாகவா சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தோம்? நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் இந்தியாவில் 41.8 சதவீதம்தான்.

பாக்டீரியாவின் சுவரையே அரித்து உடைக்கும் லைசோசைமைத் தெரியுமா? பென்சிலினுக்கு முன்பே, 1922-ல், அலெக்சாண்டர் ஃபிளெமிங் மூக்குச் சளியில் கண்டறிந்ததாக அறிவித்தது. பசும்பாலைவிடத் தாய்ப்பாலில் அது ஆயிரம் மடங்குக்கும் மேல்!

இன்னும் புதிய செய்தி: 2024-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் எலிகளிடம் கண்டது. பாலில் வரும் ‘காம்ப்ளிமென்ட்’ புரதங்கள், ஐஜிஏ போன்றவற்றின் துணையில்லாமலே குடலின் சில பாக்டீரியாக்களைக் கொன்று, அங்கே எவை வாழலாம் என்று தீர்மானிக்கின்றன. அந்தப் புரதம் இல்லாத பாலைக் குடித்த எலிக்குட்டிகள் குடல் தொற்றைத் தாங்க முடியாமல் தவித்தன. மனிதப் பாலிலும் இவை உண்டு!

ஆனால் இவை சூடு தாங்காதவை. 56 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் செயலிழந்துவிடும். தாய்ப்பால் வங்கிகளில் தானப் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குகிறார்கள். மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989-ல் தொடங்கியதுதான் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. வங்கியின் 62.5 டிகிரிச் சூட்டுக்குப் பிறகும் ஐஜிஏவில் ஒரு பெரும்பகுதி தப்பிப் பிழைக்கிறது! இது போன்ற காரணங்களால்தான், பெற்றவளால் பால் தர முடியாதபோது, குறைமாதக் குழந்தைக்குப் பவுடர் பாலைவிடத் தானப் பாலையே மருத்துவர்கள் முதலில் தேடுகிறார்கள்.