பிள்ளை கேட்டால்

பாரிஸ் பள்ளிச் சுவர்கள் பலவற்றில் ஒரு நினைவுப் பலகை இருக்கும். 1942 முதல் 1944 வரை பிரான்சிலிருந்து நாடுகடத்தப்பட்ட யூதப் பிள்ளைகள் 11,000க்கும் மேல். பிடித்துக்கொடுத்ததில் பிரெஞ்சுப் பொலிசுக்கும் பங்குண்டு. அரசின் பொறுப்பை ஜனாதிபதி சிராக் ஒப்புக்கொண்டது 1995இல்தான்.

லாச்சப்பலில் எங்கள் வாலிபர் கூட்டம். முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களை நினைத்து ஜெபித்து முடித்தோம். பள்ளியில் அந்தப் பலகையைப் பற்றிப் படித்த தம்பி ஒருவன் கேட்டான்: “அக்கா, 1990இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில வெளியேற்றினது எங்கட இயக்கம்தானே? நாங்கள் எப்ப ஒப்புக்கொள்ளுவம்?”

வாயடைத்துப் போனோம். ஓர் அண்ணர் தேநீர் கொண்டுவரச் சொன்னார். (எங்கள் சபையில் சங்கடத்துக்கு மருந்து தேநீர்தான்.)

ஆஸ்பத்திரியில் எங்களோடு வேலைசெய்யும் யூதத் தாதி ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவருடைய மகன் காசாவைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வீட்டில் சண்டையாம். ஆனாலும் வாயை மூடு என்று சொல்வதில்லையாம். பஸ்கா இரவில் இளைய பிள்ளை கேள்வி கேட்டுத்தானே அவர்கள் வீட்டில் கதையே தொடங்குகிறது! யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில் நாமும் வாசித்ததுதான்.

அடுத்த கூட்டத்தைத் தம்பியின் கேள்வியோடு தொடங்கினோம். தேநீர் கேட்ட அண்ணர்தான் முதலில் பேசினார். அவர்கள் ஒழுங்கையில் ஒரு முஸ்லிம் தையல்காரர் இருந்தாராம்.