வீராணம் ஏரிக்கரையில 'லேக் வியூ' மனை: 10 லட்சத்தை எடுத்து வைக்கும் முன்னாடி

வழக்கமா இங்க மியூச்சுவல் ஃபண்ட், டேக்ஸ், டெர்ம் இன்சூரன்ஸ்னு பேசுவோம். இந்த வாரம் ஒரு ஏரியைப் பத்தி பேசப் போறோம். காரணம் என் சித்தப்பா பையன்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வாட்ஸ்அப்ல ஒரு பிரோஷர் அனுப்பினான். பச்சைப் பசேல்னு வயல், நீல நிறத்துல தண்ணீர், நடுவுல ஒரு ஆர்ச். "லேக் வியூ மனைகள், சதுர அடி 500 ரூபாய் மட்டுமே." கீழே அவனோட மெசேஜ்: "அண்ணா, வீராணம் பக்கத்துல. 2,000 சதுர அடி, பத்து லட்சம். டோக்கன் 25 ஆயிரம் கொடுத்துட்டேன். அடுத்த வாரம் ரெஜிஸ்ட்ரேஷன். சரிதானே?"

டோக்கன் கொடுத்த பிறகு "சரிதானே"ன்னு கேட்கறது நம்ம குடும்ப வழக்கம். இது ஒண்ணும் புதுசில்லை.

நான் கும்பகோணத்துக்காரன். அணைக்கரை தாண்டி காட்டுமன்னார்கோவில் போற ரோடு சின்ன வயசுலேர்ந்து பழக்கம். அதனால முதல்ல அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "மனை ஏரிக்குக் கிழக்கேயா, மேற்கேயா?" அவனுக்குத் தெரியலை. "கூகுள் மேப்ல பக்கத்துலதான் காட்டுது அண்ணா"ன்னான்.

இந்தக் கேள்வியை ஏன் கேட்டேன்னு புரியணும்னா, ஏரி எப்படி இருக்குன்னு தெரியணும்.

காவிரி டெல்டாவோட வடக்குக் கோடியில, கடலூர் மாவட்டத்துல இருக்கு வீராணம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இருக்கறவங்க பலர் இதை நேரில் பார்த்ததே இல்லை. 'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்கு மட்டும் ஞாபகம் இருக்கும், கதை ஆரம்பிக்கறதே இந்தக் கரையிலதான். நீளம் சுமார் 16 கிலோமீட்டர், வடக்கு தெற்கா நீண்டு கிடக்கு. முழுக் கொள்ளளவு 1.465 டிஎம்சி. மேட்டூரோட 93.47 டிஎம்சியோட ஒப்பிட்டா இது சின்னதுதான். ஆனா இதை நம்பி சுமார் 45 ஆயிரம் ஏக்கர் பாசனம் இருக்கு.

இதை வெட்டினது சோழர் காலம். முதலாம் பராந்தகன் (கி.பி. 907 – 955) ஆட்சியில. அவனுக்கு வீரநாராயணன்னு ஒரு பட்டப்பெயர். அதுலேர்ந்து வந்ததுதான் வீரநாராயணன் ஏரி, பேச்சு வழக்குல வீராணம். காட்டுமன்னார்கோவிலுக்கும் பழைய பெயர் வீரநாராயணபுரம். கோயில்ல இருக்கற பெருமாளும் வீரநாராயணப் பெருமாள்.

நம்ம காலத்து டெவலப்பர் என்ன பண்றார்? விளையற நிலத்துல கல் நட்டு, தண்ணி நிக்கற இடத்துல மண் கொட்டறார். பத்தாம் நூற்றாண்டு டெவலப்மென்ட் இதுக்கு நேர் தலைகீழ். கொள்ளிடத்துல வீணாப் போற வெள்ளத்தை வடவாறு வழியா இழுத்து, ஒரு கரையை எழுப்பி நிறுத்தி, அதுக்குக் கிழக்கே இருக்கற நிலத்தை நன்செய் ஆக்கினாங்க. தண்ணீர் வந்ததாலதான் அந்த நிலத்துக்கு மதிப்பு வந்தது. 1830களில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்துல கீழணையைக் கட்டினார், அதுதான் நாம அணைக்கரைன்னு சொல்றது. அதுக்கப்புறம் வடவாறுக்குத் தண்ணீர் வரத்து ஒரு ஒழுங்குக்கு வந்தது. இன்னிக்கும் அந்த வழிதான்.

ஒரு சின்ன இடைச்செருகல், ஆடிட்டர் புத்தி விடாது. இதே பராந்தகன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டுல ஏரி வாரியம்னு ஒரு குழு வருது. ஊர் ஏரியைப் பராமரிக்கற கமிட்டி. வாரியத்துல சேர வரி கட்டற சொந்த நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வயசு 35க்கு மேல 70க்குள்ள இருக்கணும். முன்னாடி வாரியத்துல இருந்து கணக்கு காட்டாதவருக்கு இடமே கிடையாது. அவர் மட்டும் இல்லை, அவரோட நெருங்கிய சொந்தக்காரங்களுக்கும் கிடையாது! இன்னிக்கு இந்த ரூல் இருந்தா எத்தனை ஹவுஸிங் சொசைட்டி செயலாளர்கள் மிஞ்சுவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, கிழக்கு மேற்குக்கு வருவோம். வீராணத்தோட பெரிய கரை கிழக்குப் பக்கம். பாசன வயல்கள் அந்தக் கரைக்குக் கீழே, தாழ்வா இருக்கு. மேற்குப் பக்கம்தான் அரியலூர் பக்கத்து மேட்டுலேர்ந்து கருவாட்டு ஓடை, செங்கால் ஓடை மாதிரி காட்டாறுகள் மழை நீரைக் கொண்டுவந்து கொட்டற பக்கம். ஆக, கிழக்கே மனை வாங்கினா உங்களுக்குத் தெரியப் போறது ஏரி இல்லை, கரையோட முதுகு. மேற்கே வாங்கினா, மழைக்காலத்துல ஏரியே உங்களைப் பார்க்க வந்துடும். நிரம்பி உபரி திறந்தா லால்பேட்டை பக்கம் வெள்ளியங்கால் ஓடை வழியா தண்ணீர் இறங்கும். அப்போ குமராட்சி வட்டாரத்துல வயல் மூழ்கற செய்தி வரும், வடகிழக்குப் பருவமழை சமயத்துல பேப்பர்ல பார்த்திருப்பீங்க.

இதைச் சொன்னதும் தம்பி கொஞ்சம் அமைதியானான். அப்புறம், "ஏரித் தண்ணிதானே அண்ணா சென்னைக்கு வருது? அப்போ அந்த ஏரியா டெவலப் ஆகும்ல?"ன்னான்.

வருது. அவன் வளசரவாக்கத்துல இருக்கான், அவன் வீட்டுக் குழாயிலயே ஒரு பங்கு வீராணமா இருக்கலாம். ஆனா அந்தக் கதையைக் கேட்டா 'டெவலப் ஆகும்'ங்கற வார்த்தை மேலயே சந்தேகம் வரும். வீராணத்துலேர்ந்து சென்னைக்குக் குடிநீர்ங்கற திட்டம் 1960களின் கடைசியிலேயே ஆரம்பிச்சாச்சு. பெரிய பெரிய கான்கிரீட் குழாய் வார்த்தாங்க. திட்டம் பாதியில நின்னது, பிறகு சர்க்காரியா கமிஷன் விசாரிச்ச விவகாரங்கள்ல இதுவும் ஒண்ணு. அந்தக் குழாய்கள் பல வருஷம் ரோட்டோரமா கிடந்தது, வீடு இல்லாதவங்க அதுக்குள்ள குடும்பம் நடத்தினாங்க. கடைசியா புதிய வீராணம் திட்டம் மூலமா, 200 கிலோமீட்டருக்கு மேல குழாய் போட்டு, தினம் 18 கோடி லிட்டர் கொண்டு வர்ற ஏற்பாடு 2004ல முடிஞ்சது. முதல் அறிவிப்புலேர்ந்து 35 வருஷத்துக்கு மேல. அறிவிப்பைப் பார்த்து 1968ல அங்க மனை வாங்கின ஒருத்தரை நினைச்சுப் பாருங்க, ரிட்டயர்மென்ட் வரைக்கும் காத்திருந்திருப்பார்.

இப்போ விக்கிரவாண்டி – கும்பகோணம் – தஞ்சாவூர் நான்கு வழிச்சாலை சேத்தியாத்தோப்பு, அணைக்கரை வழியா போகுது. அதுதான் இந்த பிரோஷர் எல்லாத்துக்கும் உயிர். ரோடு நிஜம், அதை மறுக்கலை. ஆனா ரோடு பக்கத்துல இருக்குங்கறதும், உங்க மனைக்கு நாளைக்கு ஒருத்தர் காசு கொடுப்பார்ங்கறதும் வேற வேற விஷயம்.

பிரோஷர்ல இன்னொரு வரி இருந்தது: "அரசால் அறிவிக்கப்பட்ட பாதுகாக்கப்பட்ட மண்டலம்." இதைப் படிச்சு எனக்குச் சிரிப்பு வந்தது. 2020ல தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளோட, கடலூர் மாவட்டத்துல காட்டுமன்னார்கோவில், குமராட்சி உள்பட சில ஒன்றியங்களும் அதுல வரும். அது தடுக்கறது புது எண்ணெய், எரிவாயு எடுக்கற வேலை, உருக்காலை, தோல் தொழிற்சாலை மாதிரி விஷயங்களை. 2023ல மத்திய அரசோட நிலக்கரி ஏலப் பட்டியல்ல சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி பெயர் வந்தப்போ பெரிய எதிர்ப்பு கிளம்பி, மூணையும் நீக்கினாங்க. விவசாயிக்கு இது பாதுகாப்பு. மனை வாங்கறவருக்கு இதுல என்ன பாதுகாப்பு இருக்குன்னு பிரமோட்டர்தான் சொல்லணும். சொல்லப்போனா, மண்டலத்தோட நோக்கமே நிலம் விவசாயமா இருக்கணும்ங்கறதுதான்.

இனி கணக்கு. இங்கதான் நம்ம ஆளுங்க ஏமாறுறாங்க.

அங்கீகாரம் இல்லாத லேஅவுட்டுக்கு வங்கி மனைக் கடன் தராது. அதனால பிரமோட்டரே "பர்சனல் லோன் ஏற்பாடு பண்ணித் தர்றோம் சார்"னு சொல்வார். பத்து லட்சம், 12% வட்டி, 5 வருஷம்னு வெச்சுக்கோங்க. இஎம்ஐ 22,244 ரூபாய். மொத்தம் கட்டறது 13.35 லட்சம். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, சேர்த்து 90 ஆயிரம் கையிலேர்ந்து. ஆக 14.25 லட்சம் வெளியே போகுது. அஞ்சு வருஷம் கழிச்சு சரியா 14.25 லட்சத்துக்கு வித்தாலும் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லைன்னு ஆகாது. பர்சனல் லோன் வட்டியை நிலத்தோட விலையில சேர்க்கறது வாதத்துக்குரிய விஷயம், அதை நம்பி பிளான் போடாதீங்க. சேர்க்கலைன்னா வரித்துறை கணக்குல உங்க லாபம் 3.35 லட்சம். 12.5% நீண்டகால மூலதன ஆதாய வரி, செஸ் சேர்த்து சுமார் 43,500. லாபமே இல்லாத இடத்துல வரி!

"விவசாய நிலம்னா டேக்ஸ் இல்லைன்னாங்களே அண்ணா?" இதுவும் பாதி உண்மை. கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்து இல்லைன்னு வருமான வரிச் சட்டம் சொல்லும். ஊரோட மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6, 8 கிலோமீட்டர் தூர விதி, அதுவும் நேர்கோட்டுத் தூரம். ஆனா கல் நட்டு, ரோடு போட்டு, ஆர்ச் வெச்ச இடத்துல யார் நெல் நட்டாங்க? அடங்கல்ல சாகுபடி காட்ட முடியாத நிலத்தை விவசாய நிலம்னு அசெஸ்மென்ட்ல நிரூபிக்கறது ரொம்பக் கஷ்டம். மனையா விற்கும்போது ஒரு பேச்சு, வரி வரும்போது ஒரு பேச்சு, ரெண்டும் சேர்ந்து நிக்காது.

அங்கீகாரம் விஷயத்துல தேதி முக்கியம். 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைப் பதிவுக்குத் தடை போட்டது. அப்புறம் 2017ல வந்த வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான். அதுக்கு அப்புறம் போட்ட லேஅவுட்டுக்கு "வரன்முறை பண்ணிக்கலாம் சார்"னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. 500 சதுர மீட்டருக்கு மேலயோ, 8 மனைக்கு மேலயோ இருந்தா ரெரா பதிவு எண் வேணும். அந்த எண்ணை பிரோஷர்ல இல்லை, ரெரா தளத்துலயே போய்ப் பாருங்க.

வில்லங்கச் சான்று எல்லாரும் போட்டுப் பார்க்கறாங்க. நல்லது. ஆனா ஏரிப் பக்கத்து நிலத்துக்கு அது போதாது. வில்லங்கச் சான்று யார் யாருக்கு வித்தாங்கன்னு சொல்லும், நிலத்துல தண்ணி ஓடுதான்னு சொல்லாது. அதுக்கு புலப்பட வரைபடமும் 'அ' பதிவேடும் வேணும். ரெண்டுமே தமிழ்நாடு அரசோட இணையதளத்துல சர்வே எண் போட்டா கிடைக்கும் (எப்படின்னு வீடியோவில ஸ்கிரீன் காட்டியிருக்கேன்). அதுல வாய்க்கால் புறம்போக்கு, ஏரி புறம்போக்குன்னு எங்கயாவது வந்தா, கையில பட்டாவே இருந்தாலும் நம்பாதீங்க. நீர்நிலையில கொடுத்த பட்டா ரத்தாகலாம். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007லேயே தனிச் சட்டம் இருக்கு.

தம்பியோட சர்வே எண்ணுக்கு நானே வரைபடம் எடுத்தேன். பிரோஷர்ல "30 அடி சாலை"ன்னு போட்டிருந்த இடத்துல, வரைபடத்துல ரெட்டைக் கோடு. 'அ' பதிவேட்டுல அந்த உட்பிரிவு எண்ணுக்கு எதிரே வாய்க்கால்னு இருந்தது. அதாவது, பக்கத்து வயலுக்கு வீராணத் தண்ணி போற வழிமேலதான் இவன் வீட்டுக்கு கார் போகணும்.

அவனுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். ரெண்டு நிமிஷம் ப்ளூ டிக் மட்டும். அப்புறம், "அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க அண்ணா."

சொல்லலை. டோக்கன் ரசீதுல "திருப்பித் தரப்படமாட்டாது"ன்னு அச்சடிச்சிருந்தது. இருந்தாலும் வரைபடத்தோட ஒரு லெட்டர் எழுதி, ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்பச் சொன்னேன். மூணு வாரம் கழிச்சு அவன் அக்கவுன்ட்ல 15 ஆயிரம் வந்தது. மீதி பத்தாயிரத்தை அவன் இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்கான். பிரமோட்டர் ஆபீஸ்ல ஒவ்வொரு தடவையும், "அடுத்த வாரம் சார்."