பச்சைத் திராட்சைக்கு வந்த சோதனை

அம்பத்தூர்ப் பழக்கடையில் நாம் முதலில் கேட்பது, "விதையில்லாததுதானே?" என்றுதான். இந்தக் கேள்வியே ஒரு பழைய இனத்தை ஓரங்கட்டிவிட்டது. தமிழ்நாட்டில் 'பச்சைத் திராட்சை' என்றும் மராட்டியத்தில் 'போக்ரி' என்றும் வழங்கும் இவ்வினம் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தது, விதையுள்ளது. எக்டேருக்கு 35 டன் வரை காய்க்கும். காய்த்தென்ன? தாம்சன் வகைக்கு விதையில்லை. உலர்த்தினால் கிசுமிசு, பிழிந்தால் ஒயின். கம்பம் பன்னீர்த் திராட்சையாவது 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

நெல்லானால் விதையைக் குதிரில் வைத்துக் காக்கலாம். திராட்சையோ விதையிலிருந்து முளைத்தால் தாயின் குணம் மாறிவிடும். தண்டுத் துண்டு நட்டே பெருக்குவர். ஆகவே கொடியை உயிரோடு எங்கேனும் வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விலை கிடைக்காத கொடிக்கு எந்த உழவர் பந்தல் போடுவார்?