செல்போனைப் பார்த்து வானம் தோண்டலாமா?

நம் உழவர்கள் பலர் இப்போது தோட்டத்திலேயே சிறு வீடு, மாட்டுக்கொட்டகை, விதை அறை என்று கட்டி வருகிறார்கள். சிமென்ட்டைக் குறைத்து உள்ளூர் மண்ணில் கட்டும் ஆசை நல்லதுதான். ஆனால் யூடியூப் வீடியோவை மட்டும் குருவாக வைத்துக்கொண்டு இறங்குவது எனக்குக் கவலையாக இருக்கிறது. கேட்டால், "அவர் கட்டினது நிக்குதுல்ல, நமக்கு மட்டும் என்ன?" என்கிறார்கள்.

வங்கியில் வீட்டுக்கடன் மனு வந்தால், எஸ்டிமேட்டில் எந்த இன்ஜினியர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று பார்ப்போம். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே! வீடியோ போடுகிறவருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. அவர் நம் நிலத்தைப் பார்த்ததும் இல்லை.

முதலில் மண். செம்மண் பூமியில் வானம் தோண்டி, கருங்கல் போட்டு எழுப்பிய வீட்டைக் காட்டுகிறார்கள். அதையே கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் செய்தால்? கரிசல் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே நிற்கும் சுவரும் அதோடு ஏறி இறங்கி விரிசல் விடும். இதற்காகவே, அடிப்பகுதி குடம்போல அகன்ற பைல் அஸ்திவாரத்தை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. எத்தனை பைல், எவ்வளவு ஆழம் என்பதை நம் மண்ணைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

அடுத்து மண் கல். 5 சதவீதம் சிமென்ட் போதும் என்பது மணற்பாங்கான மண்ணுக்குப் பெரும்பாலும் சரி. களி அதிகமானால் சுண்ணாம்புதான் ஒத்துவரும். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒருநாள் அசைக்காமல் வையுங்கள். மணல் அடியில், வண்டல் நடுவில், களி மேலே படியும். இது முதல் சோதனைதான். பிறகு ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

கூரையில் தவறினால் உயிரே போகும். லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ஓடு பதித்த கான்கிரீட் கூரை செலவைக் குறைக்கும். இருபுறமும் சுவரில் உட்காரும் கூரைக்கு அடிப்பக்கம் இழுபடும். அதனால் நடுவில் முக்கியக் கம்பி அடியில் இருக்கும். சன்ஷேடுக்கு ஒருபக்கம்தான் பிடிமானம். அங்கே மேல்பக்கம் இழுபடும். கம்பி மேலே இருக்க வேண்டும். கூரையைப் போலவே இதற்கும் அடியில் கம்பி கட்டினால், முட்டைப் பிரிக்கும்போதே விழலாம். அப்போது கீழே நிற்பவர்கள் கொத்தனாரும் சித்தாளும்தான்.

முட்டு எடுப்பதிலும் அவசரம் கூடாது. இந்தியத் தர விதி 456-இன்படி, சாதாரண சிமென்ட்டில் 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள கூரைக்குக் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள். கலப்புச் சிமென்ட் என்றால் இன்னும் கூடும்.

வீடியோவே பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. அந்தக் கட்டடம் எந்த மண்ணில் நிற்கிறது, எத்தனை மழைக்காலம் பார்த்திருக்கிறது, யார் கணக்குப் போட்டார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு, மண் கட்டுமானம் தெரிந்த இன்ஜினியரை நிலத்துக்கு அழைத்து வாருங்கள். அவர் கட்டணம் வீண் செலவல்ல. ஒரு மண் வீடு இடிந்தால் ஊர் வீடியோவைக் குறை சொல்லாது; "மண் வீடே உதவாது" என்றுதான் சொல்லும்.