7 மணிக்கு முதலிடம்… 9 மணிக்கு 71-ஆவது இடம்! தெரியுமா?

கூகுள் தன் தேடல் முறையை ஒரு வருடத்தில் எத்தனை தடவை மாற்றுகிறது, தெரியுமா? பத்து? நூறு? 2022-இல் மட்டும் 4,725 தடவை! நாளுக்குக் கிட்டத்தட்ட 13!

ஏன் இவ்வளவு? தினமும் வரும் தேடல்களில் 15 சதவீதம் அதற்கு முன் யாருமே தேடாதவையாம்!

2011 பிப்ரவரியில் வந்த ‘பாண்டா’ அப்டேட், அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதத்தைப் புரட்டிப் போட்டது! ஒப்புக்கு எழுதிக் குவித்த கட்டுரைத் தளங்களுக்குச் சரியான அடி. பாண்டா என்றதும் கரடிதானே ஞாபகம் வருகிறது? கரடியே இல்லை! கூகுள் என்ஜினீயர் நவ்நீத் பாண்டாவின் பெயர் அது!

2013-இல் ‘ஹம்மிங்பேர்ட்’ வந்து சுமார் 90 சதவீதத் தேடல்களைத் தொட்டது. யாராவது கவனித்தார்களா? ஊஹூம்! ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, கூகுளே வாய் திறந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது!

2003 நவம்பரின் ‘ஃபுளோரிடா’ அப்டேட் அப்படிச் சத்தமில்லாமல் போகவில்லை. கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் சின்னச் சின்ன இணையக் கடைகள் முன்வரிசையிலிருந்து மாயமாகின! தீபாவளிக்கு முந்தின வாரம் கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றினால் எப்படி இருக்கும்? அப்படி!

அல்காரிதம் மட்டும்தான் தள்ளிவிடும் என்று நினைக்கிறீர்களா? சில சமயம் மனிதர்களே இறங்குவார்கள்! அமெரிக்காவின் பெரிய கடை ஜே.சி. பென்னி. ‘சாம்சனைட்’ பெட்டியைத் தேடினால்கூட சாம்சனைட்டின் சொந்தத் தளத்தையே முந்திக்கொண்டு நின்றது! எப்படி? சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு லிங்க்! அணுப் பொறியியல் பெயர் தாங்கிய ஒரு தளத்தின் அடியில் ‘கறுப்பு கவுன்’ என்று லிங்க் கொடுத்திருந்தார்கள் என்றால் பாருங்களேன்! நியூயார்க் டைம்ஸ் துருவ ஆரம்பித்தது. விஷயம் தெரிந்ததும் கூகுள் ஆட்களே கைவைத்தார்கள். 2011 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, இரவு 7 மணிக்கு அந்தப் பெட்டித் தேடலில் முதலிடம். இரண்டே மணி நேரம்… 71-ஆவது இடம்! ‘எங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்றது பென்னி நிறுவனம். அந்த வேலையைப் பார்த்துவந்த ஆலோசகர்களுக்கு உடனே சீட்டுக் கிழிந்தது!

இதைவிட வேடிக்கை வேண்டுமா? 2012 ஜனவரியில் கூகுள் தன்னையே தண்டித்துக்கொண்டது! தன் குரோம் பிரவுசர் விளம்பரத்துக்காகக் காசு வாங்கி எழுதிய பதிவு ஒன்றில் லிங்க் இருந்தது, விதிமீறல்! குரோம் பக்கத்தைக் குறைந்தது 60 நாளுக்குக் கீழே இறக்கிவிட்டார்கள்!

எல்லா மாற்றமும் அடிதானா? இல்லை! 2019-இல் வந்த ‘பெர்ட்’ அப்டேட், ஒரு சொல்லை அதன் அக்கம்பக்கச் சொற்களோடு சேர்த்துப் புரிந்துகொள்ளும். அதே ஆண்டு டிசம்பரில் 70-க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. தமிழும் அதில் உண்டு!

தள்ளப்பட்டவர் திருப்பி அடித்த கதை தெரியுமா? 2006 ஜூனில் பிரிட்டனில் ஒரு தம்பதி ‘ஃபவுண்டெம்’ என்ற விலை ஒப்பிடும் தளத்தைத் தொடங்கினார்கள். இரண்டே நாள்! கூகுள் தேடலில் ஆளையே காணோம்! தானியங்கி வடிகட்டி அமுக்கிவிட்டது. விட்டார்களா? ஐரோப்பிய ஆணையம்வரை போனார்கள். தன் சொந்த விலை ஒப்பீட்டுச் சேவையை முன்னால் வைத்ததற்காக 2017-இல் கூகுளுக்கு விழுந்த அபராதம் எவ்வளவு தெரியுமா? 242 கோடி யூரோ! கூகுள் மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடு செய்தும், 2024-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் ஒரு காசுகூடக் குறைக்கவில்லை!